மூக்கடைப்பும் தெளிப்பு மருந்தும்: அறுவடைக் காலத்தில் விவசாயிகள் அறிய வேண்டுவன

திண்டுக்கல் ஜில்லாவில், பழனிக்குத் தெற்கே மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்த பாலசமுத்திரம், பாலாறு பொருந்தலாறு நீர்த்தேக்கத்தை அண்டிய ஊராகும். நெல், கரும்பு, மக்காச்சோளம், தென்னை முதலியன இச்சுற்றுப்புறத்தில் விளைகின்றன. ஆயக்குடிப் பக்கத்துக் கொய்யாத் தோப்புகள் யாவரும் அறிந்தவையே. இவ்வளமான பூமியில் மக்காச்சோளம் அடிக்கும் நாட்களிலும், வைக்கோற்போர் பிரிக்கும் நாட்களிலும், மழை விட்டபின் வரப்போரங்களில் களைகள் பூத்துக் குலுங்கும் நாட்களிலும் இடைவிடாத தும்மல் ஒலி களங்களிலிருந்து கேட்பதுண்டு. நீராய் ஒழுகும் மூக்கு, சிவந்து அரிக்கும் கண், இரவில் வாயால் மூச்சு விட்டு உறங்காமல் கழிக்கும் நிலை இவற்றைப் பலர், "இது ஜலதோஷந்தானே" என்று அலட்சியம் செய்துவிடுகின்றனர். வேறு சிலரோ மருந்துக்கடைக்குச் சென்று மூக்கில் அடிக்கும் தெளிப்பு மருந்து ஒன்றைக் கேட்டு வாங்கி, அதனையே மாதக்கணக்கில் உபயோகித்து வருகின்றனர். அலட்சியத்தைக் காட்டிலும் இவ்வாறு தெரியாமல் மருந்தைத் தொடர்வதே சில சமயங்களில் அதிகக் கெடுதலை விளைவிக்கின்றது. ஆகையால் இவ்விஷயத்தைப் பற்றிச் சிறிது விரிவாக எழுதத் துணிந்தோம்.

ஒரு குடியானவரின் அனுபவம்

உதாரணத்திற்கு ஒருவரை மனத்தில் வைத்துக்கொள்வோம். மக்காச்சோளக் கதிர் அடிக்கும் முதல் நாளிலேயே அவருக்குத் தும்மல் தொடங்குகின்றது. இரவில் மூக்கு முற்றிலும் அடைத்துக்கொள்கின்றது. மறுநாள் கடையில் ஒரு சிறு புட்டி வாங்கி இரண்டு முறை அடித்துக்கொள்கின்றார். ஐந்து பத்து நிமிஷத்தில் மூக்கு திறந்து, நல்ல உறக்கம் வருகின்றது. "இதுவல்லவோ மருந்து!" என்று மகிழ்கின்றார். நான்காம் நாளில் மருந்தின் பலன் அரை நாளுக்கு மேல் நிற்பதில்லை. பத்தாம் நாளில் மூன்று மணிக்கு ஒரு தரம் அடிக்க வேண்டியதாகின்றது. களத்து வேலை முடிந்து, தூசியும் அடங்கி இரண்டு மாதம் கழிந்த பின்னரும் மூக்கு திறந்தபாடில்லை. தலையணைக்கு அடியில் புட்டி இல்லாவிடில் உறக்கம் இல்லை. தூசியினால் வந்த நோய் நீங்கவில்லையே என்று அவர் வருந்துகின்றார். உண்மையில் தூசியின் நோய் எப்போதோ நீங்கிவிட்டது. இப்போது அவருடைய மூக்கை அடைப்பது அந்த மருந்தேயாகும்.

இதில் அவர் செய்த பிழை யாது? நோய்க்கு மருந்து தேடியது பிழையன்று. மூக்கில் தெளிக்கும் மருந்துகள் எல்லாம் ஒரே இனத்தவை என்று எண்ணியதே பிழை. பயிரில் சாறு உறிஞ்சும் பூச்சிக்கு ஒரு தெளிப்பும், பூஞ்சாண நோய்க்கு வேறொரு தெளிப்பும் உண்டு என்பதை நன்கறிந்த விவசாயி, தம் மூக்கின் விஷயத்தில் மட்டும் அப்பாகுபாட்டை மறந்துவிடுகின்றார்.

நோயின் காரணம்

உடலுக்குத் தீங்கு செய்யாத மகரந்தம், தூசி, பூஞ்சாண வித்து முதலியவற்றை உடல் பகையென்று கருதி எதிர்ப்பதையே ஒவ்வாமை அல்லது அலர்ஜி என்கிறோம். 'அலர்ஜி' என்னும் சொல்லை 1906-ஆம் வருஷத்தில் வியன்னா நகரத்து வைத்தியரான கிளெமென்ஸ் வான் பிர்க்கே என்பவர் ஆக்கினார். அதற்கு முன்னரே, 1819-இல், ஜான் பாஸ்டாக் என்னும் ஆங்கில வைத்தியர் ஆண்டுதோறும் கோடையில் தமக்கு வரும் கண்ணரிப்பையும் தும்மலையும் விவரித்து எழுதினார். ஆயினும் காரணம் விளங்கவில்லை. மான்செஸ்டர் நகரத்து சார்லஸ் பிளாக்லி என்னும் வைத்தியர் புல்லின் மகரந்தத்தைத் தம் மீதே பரீட்சித்துப் பார்த்து, அதுவே காரணம் என்று 1873-இல் வெளியிட்ட நூலில் நிலைநாட்டினார்.

ஒவ்வாத பொருள் மூக்கினுள் நுழைந்தவுடன், உட்சவ்விலுள்ள சில உயிரணுக்கள் ஹிஸ்டமின் முதலிய பொருள்களை வெளியிடுகின்றன. அவற்றால் அரிப்பும், தும்மலும், நீரொழுக்கும் உடனே தோன்றுகின்றன. சில மணி நேரங்கழித்துச் சவ்வு வீங்கி, மூக்கு அடைக்கின்றது. முதலில் வருவது அரிப்பு, பின்னர் வருவது வீக்கம் என்னும் இவ்விரண்டையும் நினைவில் வைத்தால், எம்மருந்து எதற்கு என்பது எளிதில் விளங்கும்.

நம் பக்கங்களில் காரணமாகக்கூடியவை பல. அறுகு முதலிய புற்களின் மகரந்தம், சீமைக்கருவேலின் மகரந்தம், ஈரம்பட்ட வைக்கோலிலும் தானியத்திலும் உண்டாகும் பூஞ்சாண வித்துக்கள், பழைய மெத்தை தலையணைகளில் வாழும் கண்ணுக்குப் புலப்படாத சிற்றுண்ணிகள் ஆகியவற்றை முக்கியமாகக் கூறலாம். இவையனைத்தினும் விவசாயிகள் கவனிக்க வேண்டியது பார்த்தீனியம் என்னும் விஷப்பூண்டாகும். அமெரிக்காக் கண்டத்திலிருந்து வந்த இக்களை, 1950-களின் நடுவில் புனா நகரத்தில் கண்டறியப்பட்டுப் பின்னர் தேசமெங்கும் பரவியது. ஒரே செடி பதினாயிரத்துக்கு மேற்பட்ட விதைகளை உதிர்க்க வல்லது. அதைத் தொடுவதால் சிலருக்குத் தோலில் கடுமையான படை உண்டாகின்றது. அதன் மகரந்தம் மூக்கிற்கும் பகையாகும். 1991-இல் வெளிவந்த பெங்களூர் ஆராய்ச்சி ஒன்று, அந்நகரத்து ஜனங்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவில் இம்மகரந்தத்தால் மூக்கு ஒவ்வாமை கொண்டிருப்பதாகத் தெரிவித்தது.

ஜலதோஷமா, ஒவ்வாமையா?

மருந்தைத் தேர்ந்தெடுக்குமுன் நோயைத் தெரிந்துகொள்ளல் வேண்டும். ஜலதோஷத்தில் உடல்வலி, தொண்டைவலி, சிற்சில சமயம் சுரம் ஆகியவை காணும். ஏழு முதல் பத்து நாட்களுக்குள் அது பெரும்பாலும் தானே தணியும். ஒவ்வாமையில் சுரம் இராது. மூக்கிலும் கண்ணிலும் அண்ணத்திலும் அரிப்பு மிகும். தொடர்ச்சியாகப் பத்துப் பதினைந்து தும்மல் வரும். மூக்கு நீர் தெளிந்த ஜலம் போல் இருக்கும். களத்தை விட்டு அகன்றால் குறைவதும், மறுபடி நெருங்கினால் மிகுவதும், வருஷந்தோறும் அதே பருவத்தில் திரும்புவதும் ஒவ்வாமையின் அடையாளங்கள்.

பூச்சிமருந்து தெளித்த அன்று மூக்கெரிச்சல், கண்ணீர், வாயில் எச்சில் ஊறுதல், தலைசுற்றல், வாந்தி, மூச்சுத்திணறல் இவை கண்டால், அதை ஒவ்வாமை என்று கருதி மூக்கு மருந்தைத் தேடிக்கொண்டிருக்கலாகாது. அது விஷம் ஏறியதன் குறியாகலாம். உடனே ஆடையைக் களைந்து, உடலைச் சோப்பிட்டுக் கழுவி, மருந்துப் புட்டியின் சீட்டுடன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும்.

தெளிப்பு மருந்தின் நான்கு வகைகள்

பெட்டியின் மீது வியாபாரப் பெயர் பெரிய எழுத்திலும், மருந்தின் மெய்ப்பெயர் சிறிய எழுத்திலும் அச்சிடப்பட்டிருக்கும். உரமூட்டையில் சத்தின் விகிதத்தைப் பார்த்து வாங்குவது போல, இங்கும் சிறிய எழுத்தையே பார்த்தல் வேண்டும். ஒரே வியாபாரப் பெயரில் இரு வேறு இன மருந்துகள் விற்கப்படுவதும் உண்டு.

முதல் வகை, அடைப்பை உடனே திறப்பது. ஆக்ஸிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் என்பவை இவ்வகையின. 'சோலின்' என்னும் முடிவைக் கொண்டு இவற்றை அடையாளம் காணலாம். சவ்விலுள்ள இரத்தக் குழாய்களைச் சுருக்கி, சில நிமிஷங்களில் மூக்கைத் திறக்கின்றன. ஆனால் அரிப்பையோ தும்மலையோ இவை நிறுத்துவதில்லை. நோயின் மூலத்தையும் தொடுவதில்லை. மூன்று நாட்களுக்கு, மிஞ்சினால் ஐந்து நாட்களுக்கு, மேற்படாமல் நிறுத்திவிட வேண்டும். அதற்குமேல் தொடர்ந்தால், மருந்தின் வேகம் இறங்கியவுடன் குழாய்கள் முன்னிலும் அதிகமாய் வீங்குகின்றன. வீக்கத்துக்கு மருந்து, மருந்துக்கு வீக்கம் என்று நாம் மேலே கூறிய குடியானவரின் நிலை ஏற்படுகின்றது. இரத்த அழுத்தம், இருதய நோய், தைராய்டு நோய், கண்ணில் நீரழுத்த நோய், சிறுநீர் அடைப்பு உடையவர்கள் வைத்தியரைக் கேளாமல் இவ்வகையைத் தொடலாகாது. சிறு குழந்தைகளுக்குப் பெரியவர்களின் புட்டியை எக்காரணங்கொண்டும் உபயோகிக்கக் கூடாது.

இரண்டாம் வகை, வீக்கத்தின் மூலத்தைத் தணிப்பது. புளூட்டிகசோன், மொமெட்டசோன், பெக்லோமெத்தசோன் என்பவை 'சோன்' என்று முடியும். பியூடெசொனைடு என்பதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. இவை ஸ்டீராய்டு மருந்துகள். 1970-களில் மூக்கிற்கென வழக்கத்துக்கு வந்த இவ்வகையே, தொடர்ந்து வருத்தும் மூக்கு ஒவ்வாமைக்கு முதன்மையான மருந்து என்று இன்று வைத்தியர்கள் கொள்கின்றனர். அரிப்பு, தும்மல், ஒழுக்கு, அடைப்பு ஆகிய நான்கையும் இது குறைக்கின்றது. ஆனால் அடித்தவுடன் பலன் தெரியாது. சிலருக்கு ஓரிரு நாளில் சுகம் தோன்றினாலும், முழுப் பலன் காண இரண்டு வாரம் வரை ஆகலாம். தினந்தோறும் தவறாமல் உபயோகிக்க வேண்டும். தொழுவுரம் இட்ட மறுநாளே பயிர் பச்சை கட்டவில்லை என்று எவரும் உரத்தைப் பழிப்பதில்லை. இம்மருந்தையும் அவ்வாறே கருதுதல் வேண்டும்.

ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டதும் பலர் அஞ்சுகின்றனர். மாத்திரையாகவோ ஊசியாகவோ நெடுநாள் உட்கொள்ளும் ஸ்டீராய்டினால் கெடுதல்கள் உண்டென்பது மெய்யே. மூக்கில் தெளிப்பது மிகச் சிறிய அளவு. அதிலும் புதிய மருந்துகள் இரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. மூக்கு வறட்சி, சிறிது இரத்தக் கசிவு இவையே சாதாரணமாகக் காணும் தொல்லைகள். எனினும் இது வைத்தியர் சீட்டின் பேரில் வாங்கத்தக்க மருந்தாகும். குழந்தைகளுக்கு அளவை வைத்தியரே நிர்ணயித்து, அவர்களுடைய வளர்ச்சியையும் கவனித்து வருவார். கர்ப்பிணிகளும் கண் நோயுடையவர்களும் அதனை முன்னதாகச் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாம் வகை, அரிப்பையும் தும்மலையும் விரைவில் அடக்குவது. அசெலாஸ்டின் என்பது ஹிஸ்டமினின் செயலைத் தடுக்கும். கால் மணி முதல் அரை மணிக்குள் வேலை செய்யத் தொடங்கும். என்றாவது ஒரு நாள் களத்துக்குப் போய் வரும்போது மட்டும் தொல்லைப்படுபவருக்கு இது ஏற்றது. நாக்கில் கசப்புத் தட்டும். சிலருக்குத் தூக்கக் கலக்கம் உண்டாகும். ஆகையால் கதிரடிக்கும் இயந்திரத்தையோ டிராக்டரையோ இயக்குபவர், தமக்கு அத்தன்மை உண்டா என்று வீட்டிலிருக்கும் நாளில் பரீட்சித்துப் பார்த்த பின்னரே உபயோகித்தல் நலம். அசெலாஸ்டினையும் புளூட்டிகசோனையும் ஒரே புட்டியில் சேர்த்துச் செய்ததும் உண்டு. தனி மருந்தால் அடங்காதவர்களுக்கு வைத்தியர் அதைக் கொடுப்பர்.

நான்காம் வகை, உப்புநீர். இதில் மருந்து ஏதும் இல்லை. மூக்கில் ஒட்டிய தூசியையும் மகரந்தத்தையும் கழுவி வெளியேற்றுவதே இதன் வேலை. களத்திலிருந்து வந்தவுடன் இதனால் கழுவிக்கொள்வது எவருக்கும் நலம். வீட்டிலேயே செய்துகொள்ள விரும்புவோர் அரை லிட்டர் ஜலத்தில் ஒரு சிறு தேக்கரண்டி உப்பு சேர்க்கலாம். ஆனால் அந்த ஜலம் நன்றாகக் கொதிக்கவைத்து ஆறியதாய் இருக்க வேண்டும். வாய்க்கால் ஜலத்தையோ, குளத்து ஜலத்தையோ, கொதிக்காத குழாய் ஜலத்தையோ மூக்கினுள் ஏற்றலாகாது. அத்தகைய ஜலத்தில் இருக்கக்கூடிய ஒருவகை அமீபா மூக்கின் வழியே மூளையை அடைந்து உயிரைப் போக்கவல்லது. கேரளத்தில் 2024, 2025-ஆம் வருஷங்களில் அமீபாவினால் மூளைக்காய்ச்சல் கண்டு பலர் மாண்டனர்.

எவருக்கு எது?

மேற்கூறியவற்றைச் சுருக்கமாக இவ்வாறு கொள்ளலாம்.

1. வருஷத்தில் சில நாட்கள் மட்டும் தும்மலும் அரிப்பும் காண்பவர்: உப்புநீர்க் கழுவுதல். அது போதாவிடில் வைத்தியரைக் கேட்டு அசெலாஸ்டின் தெளிப்பு.

2. பருவம் முழுவதும், அல்லது வாரத்தில் நான்கு நாட்களுக்கு மேல், உறக்கமும் வேலையும் கெடும் அளவுக்குத் துன்புறுபவர்: ஸ்டீராய்டு தெளிப்பு, தினந்தோறும். வழக்கமாய்த் தொல்லை தரும் பருவம் தெரிந்திருந்தால், அதற்கு இரண்டு வாரம் முன்னதாகவே தொடங்குதல் உத்தமம்.

3. மூக்கு முற்றிலும் அடைத்து, வேறு மருந்து உள்ளே செல்லவும் வழியில்லாதவர்: முதல் மூன்று நாட்களுக்கு மட்டும் 'சோலின்' வகை. கூடவே ஸ்டீராய்டு தெளிப்பைத் தொடங்கி, மூன்றாம் நாளுக்குப் பின் முன்னதை நிறுத்திவிட வேண்டும். இதை வைத்தியர் சொற்படியே செய்தல் வேண்டும்.

4. ஏற்கெனவே 'சோலின்' வகைக்கு அடிமைப்பட்டவர்: மேலும் அடிப்பதால் பயனில்லை. வைத்தியரிடம் உள்ளதை உள்ளவாறே கூற வேண்டும். ஸ்டீராய்டு தெளிப்பைத் துணையாகக் கொண்டு பழைய மருந்தை நிறுத்தச் செய்வார். ஒரு நாசியில் முதலில் நிறுத்தி, அது திறந்த பின்னர் மற்றதில் நிறுத்துவதும் ஒரு முறை. முதல் சில நாட்கள் துன்பமாய் இருக்கும். பின்னர் பெரும்பாலோருக்கு மூக்கு இயல்பு நிலையை அடையும்.

நாம் முக்கியமாக வற்புறுத்துவது இது ஒன்றே: எந்த மருந்து மிக விரைவாக மூக்கைத் திறக்கின்றதோ, அதையே மிகக் குறைந்த நாட்கள் உபயோகிக்க வேண்டும். எது முதல் நாளில் ஒன்றும் செய்யாதது போல் தோன்றுகின்றதோ, அதைப் பொறுமையுடன் தொடர வேண்டும்.

அடிக்கும் முறை

கைத்தெளிப்பானின் மூக்குப் பகுதி அடைத்திருந்தாலும், இலையின் அடிப்புறம் நனையாவிட்டாலும் எவ்வளவு உயர்ந்த மருந்தும் வீணாகும் என்பதை விவசாயிகள் அறிவர். மூக்கு மருந்தும் அவ்வாறே. மருந்து பலிக்கவில்லை என்று கூறுபவர்களில் பலர் அதைச் சரியாக அடிக்காதவர்களேயாவர்.

முதலில் மூக்கை மெதுவாகச் சிந்திக்கொள்ள வேண்டும். புட்டியைக் குலுக்கி, புதிதாயின் நுண்திவலை வரும்வரை வெளியே சிலமுறை அழுத்த வேண்டும். தலையைப் பின்னால் சாய்க்காமல் சிறிது முன்னால் குனிந்து, வலக்கையால் இடது நாசியிலும், இடக்கையால் வலது நாசியிலும் அடித்தல் வேண்டும். இவ்வாறு கையை மாற்றுவதன் காரணம், மருந்து நடுத்தண்டில் படாமல் அந்தந்தப் பக்கத்துக் காதை நோக்கிச் செல்வதற்கேயாம். நடுத்தண்டில் படுமாயின் புண்ணாகி இரத்தம் கசியும். அடிக்கும்போது பூ முகர்வது போல் மெல்ல மூச்சை இழுத்தால் போதும். பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்கு இறங்கி வீணாகிவிடும். பிறகு சில நிமிஷங்கள் மூக்கைச் சிந்தலாகாது.

புட்டியின் நுனியைத் துடைத்து மூடிவைக்க வேண்டும். ஒருவர் புட்டியை மற்றொருவர் உபயோகிக்கக் கூடாது. திறந்த தேதியைப் புட்டியின் மேல் குறித்துக்கொள்வது நலம். 120 தெளிப்பு கொண்ட புட்டியில், நாசிக்கு இரண்டு வீதம் தினம் ஒரு வேளை அடித்தால் 30 நாட்களுக்கு வரும். பத்து நாளில் தீர்ந்தாலும், இரண்டு மாதம் ஆகியும் மீந்திருந்தாலும் அளவில் பிழை உண்டென்று தெரிந்துகொள்ளலாம்.

வைத்தியரிடம் தாமதியாமல் செல்ல வேண்டிய நிலைகள்

இழுப்பு, மார்பில் விசில் போன்ற ஒலி, இரவில் விடாத இருமல் ஆகியவை கண்டால் ஆஸ்துமா என்று ஐயுற வேண்டும். மூக்கு ஒவ்வாமை உடையவர்களில் பலருக்கு ஆஸ்துமாவும் சேர்ந்து வருவதுண்டு. அதற்கு மூக்குத் தெளிப்பு மட்டும் போதாது. ஒரு நாசியில் மட்டும் நெடுநாள் அடைப்பு, அடிக்கடி இரத்தம் வருதல், துர்நாற்றமுள்ள சளி, முகத்தில் வலியுடன் சுரம், பார்வை மங்குதல் இவை வேறு நோய்களின் குறியாகலாம். குழந்தையின் ஒரு நாசியில் மட்டும் நாற்றமுள்ள நீர் ஒழுகினால், உள்ளே விதையோ மணியோ சிக்கியிருக்கக் கூடும். இத்தகையோர் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ, பழனி சர்க்கார் மருத்துவமனையையோ தாமதியாமல் அடைய வேண்டும். மூக்குப்பொடி போடும் வழக்கமுடையவர்கள் அதை விட்டொழிப்பது நலம். உறுத்தும் சவ்வுக்குப் பொடி மேலும் உறுத்தலையே தரும். நீராவி பிடித்தலால் சிறிது நேரம் சுகம் தோன்றினும் நோய் தீர்வதில்லை. கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து குழந்தைகள் வெந்துபோகும் அபாயமும் உண்டு.

வருமுன் காத்தல்

மருந்தைக் காட்டிலும் தடுப்பே மலிவானது. கதிரடிக்கும்போது காற்று வரும் திசைக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். மூக்கையும் வாயையும் இறுக மூடும் முகக்கவசம் அணிய வேண்டும். தோளில் கிடக்கும் துண்டைக் கட்டிக்கொள்வது ஒன்றுமில்லாததற்கு மேல். ஆயினும் நுண்தூசியை அது முழுதும் தடுக்காது. வேலை முடிந்ததும் குளித்து, களத்து உடையை வீட்டினுள் கொண்டுசெல்லாமல் துவைக்கப் போட வேண்டும். தலையணை உறைகளை வாரந்தோறும் வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும். வைக்கோலையும் தானியத்தையும் நன்றாகக் காயவைத்துச் சேமித்தால் பூஞ்சாணம் குறையும். விளைபொருளுக்கும் அது நன்மையே.

பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன்னர், மண் ஈரமாய் இருக்கும்போது வேருடன் பிடுங்குதல் வேண்டும். கையுறையின்றித் தொடக் கூடாது. ஒவ்வாமை உள்ளவரையும் குழந்தைகளையும் அவ்வேலையில் விடலாகாது. பூத்தபின் பிடுங்கினால் மகரந்தமும் விதையும் பரவும். பயிரில்லாத பாதையோரங்களில், லிட்டர் ஜலத்துக்கு 200 கிராம் சமையலுப்பும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து செடி முழுதும் நனையத் தெளித்தால் கருகிவிடும். உப்பு நிலத்தைக் கெடுக்குமாதலால் வயலிலும் தோப்பிலும் இதைச் செய்யலாகாது. இக்களையைத் தின்னும் மெக்ஸிகோ வண்டு 1983-இல் நம் தேசத்துக்குத் தருவிக்கப்பட்டு, 1984-இல் பெங்களூரில் விடப்பட்டது. மழைக்காலத்தில் அவ்வண்டுகள் இலையை அரித்திருப்பதைக் கண்டால் அவற்றைக் கொல்லாமல் விட்டுவைக்க வேண்டும்.

கிராம அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை

ஒருவர் தம் வரப்பைச் சுத்தம் செய்தாலும், அடுத்துள்ள புறம்போக்கில் களை பூத்து நின்றால் பயனில்லை. காற்றுக்கு எல்லைக்கல் இல்லை. ஆகையால் கிராம நிர்வாக அலுவலர்களும், ஊராட்சி, பேரூராட்சிப் பொறுப்பாளர்களும் பள்ளிக்கூட மைதானம், வாய்க்கால் கரை, சாலையோரம், மயானப் பாதை ஆகிய பொது இடங்களில் மழை பெய்த சில வாரங்களுக்குள் இக்களையை அகற்ற ஏற்பாடு செய்தல் வேண்டும். கர்நாடக ராஜ்யம் 1975-இலேயே இதனைத் தீங்கான களை என்று சட்டப்படி அறிவித்தது. தேசமெங்கும் ஆகஸ்டு 16 முதல் 22 வரை அனுசரிக்கப்படும் பார்த்தீனியம் விழிப்புணர்வு வாரம் இவ்வேலைக்கு நல்ல சந்தர்ப்பமாகும். அவ்வாரத்தில் கூடும் ஜனங்களுக்கு மூக்கு மருந்தின் வகைகளையும் எடுத்துரைத்தால், ஒரே கூட்டத்தால் இரண்டு நன்மைகள் விளையும்.

அறுவடை நாட்களில் ஒரு ஆள் படுத்துக்கொண்டால் நஷ்டம் எவ்வளவு என்பதை நிலமுடையோருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. உறக்கமின்றி மறுநாள் இயந்திரத்தின் முன் நிற்பவனுக்கு நேரக்கூடிய ஆபத்தையும் அவர்கள் அறிவர். ஆகையால் தங்கள் களத்தில் வேலை செய்வோரில் எவரேனும் மடியில் சிறு புட்டியை வைத்துக்கொண்டு அடிக்கடி மூக்கில் அடிப்பதைக் கண்டால், எத்தனை நாளாய் அடிக்கின்றார் என்று ஒரு வார்த்தை விசாரிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். ஐந்து நாட்களுக்கு மேலாயிற்று என்று விடை வந்தால், புட்டியின் சிறிய எழுத்தைப் படித்துப் பார்த்து, அவரை வைத்தியரிடம் அனுப்புவதே அவருக்குச் செய்யும் பேருதவியாகும்.